நான்காவது பெஞ்சுக்கு மேலே ஒரு ஜெல்லிமீன்

1

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை காலை, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சமையலறை ஜன்னல் கட்டையில் 'டிக்' என்று கேட்டது. நகம் வெட்டும்போது கேட்குமே, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால், பதினான்கு மாதமாக அங்கே சும்மா உட்கார்ந்திருந்த ஒரு கண்ணாடிக் குண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. வெளியே நிறமில்லாத கண்ணாடி, உள்ளே ஒரு பொட்டு பச்சை. பச்சையும் நிறமில்லாததும் ஒட்டிய இடத்திலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது.

அந்தக் குண்டைச் செய்தவள் நான். அதே நாளில், அதே உலையில், அதே பச்சைக் கண்ணாடியை வைத்து இன்னொன்றும் செய்தோம். அது ஒரு ஜெல்லிமீன். ஒன்பது கிலோ எடை. ஹெரான் கோவ் ஃபெர்ரி நிலையத்தில், நான்காவது பெஞ்சுக்கு நேர் மேலே, இரண்டு மாடி உயரத்தில் தொங்குகிறது.

அந்த பெஞ்சில் வாரத்தில் ஐந்து நாள் ஒருத்தி வந்து உட்காருகிறாள்.

கதை இவ்வளவுதான். மீதியெல்லாம், நான் இதை ஏன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்பதைப் பற்றியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பசிபிக்கின் குளிர்ந்த நீரில் நிலாத்துண்டுகளாக மிதக்கும் அந்த உயிர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அழகு என்பது

[நிறுத்திவிட்டேன். ஜெல்லிமீனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் நிலா வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது.]

இரண்டாவது:

இந்த ஊரில் க்ரோவேஷிய மீனவர்கள் குடியேறி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர்களுள் லுக்ஸிச் குடும்பத்தார்

[நூலகத்தில் இலவசமாக வைத்திருக்கும் துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கிறது.]

மூன்றாவது:

விங்கோ லுக்ஸிச் இறந்த அன்று

இந்த மூன்றாவதில் உண்மையாகவே திணறிவிட்டேன். விங்கோ எந்த நாளில் இறந்தான் என்று யாருக்கும் தெரியாது. மூன்று வருடம் முன்பு ஜனவரியில், நண்டுப் பருவத்தில், அவனுடைய பழைய மரப்படகு 'ஸ்வேதி நிகோலா' அவனையும் இரண்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு திறந்த கடலுக்குப் போனது. பதினெட்டாம் தேதி மாலை வானொலியில் கடைசியாகப் பேசினான். வானிலையைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னானாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பதினெட்டு என்று தேவாலயத்தில் எழுதிக்கொண்டார்கள். அவன் மனைவி டோங்க்கா பத்தொன்பது என்கிறாள். "ஒரு ராத்திரி தண்ணியில தாக்குப்பிடிச்சிருப்பான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும்" என்பாள்.

ஒன்பது நாள் கழித்து, கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவருக்கு ஒரு மரப்பெட்டி கிடைத்தது. படகின் வலது பக்க விளக்கு. படகின் பெயர் அதில் எழுதியிருந்தது. உள்ளே விளக்கின் பச்சைக் கண்ணாடி கீறல்கூட இல்லாமல் இருந்தது. மூன்று மனிதர்கள், நாற்பத்தெட்டு அடிப் படகு. மொத்தத்தில் திரும்பி வந்தது அந்த ஒரு கைப்பிடிக் கண்ணாடி.

இங்கே ஜூன் மாதம் பாதிரியார் படகுகளுக்குத் தண்ணீர் தெளித்து ஆசி கொடுப்பார். அப்போது கடலில் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒரு பெயருக்கு ஒரு மணி. பிறகு படகுகள் வெளியே போய்த் தண்ணீரில் மலர்வளையம் போடும். முதல் வருடம் டோங்க்கா போகவில்லை. "பூவத் தூக்கி எங்கேயோ போட்டா அது அவனுக்குப் போய்ச் சேருமா? எனக்கு ஒரு எடம் வேணும்" என்றாள்.

அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தவள் பெரினா. கெடுத்தவள் நான்.

3

பெரினா, விங்கோவின் அக்கா. கண்ணாடி ஊதுகிறவள். ஐம்பத்தெட்டு வயது, கை முழுக்கச் சுட்ட தழும்பு, வாய் முழுக்கக் கிண்டல். நான் அவளிடம் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன்.* ஃபெர்ரி நிலையத்தின் கூரைக்குக் கடல் உயிர்களைக் கண்ணாடியில் செய்து தரச் சொல்லித் துறைமுகத்துக்காரர்கள் அவளிடம்தான் கேட்டார்கள். நூற்றுப் பதினெட்டு உருப்படிகள்: ஜெல்லிமீன், கடல் சாமந்தி, கடற்பேனா. ஒன்றே ஒன்றில் தம்பியின் விளக்குக் கண்ணாடியை வைத்துவிடுவது என்று அவள் முடிவெடுத்தாள். யாருக்கும் சொல்லப் போவதில்லை. டோங்க்காவுக்கு மட்டும் தெரியும்.

(* என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவளோடு 'நீ' போட்டுப் பேசுவதாக எழுத முதலில் கை கூசியது. ஆனால் ஒரே உலை முன் பத்தொன்பது வருடம் வியர்த்தவர்களுக்குள் 'நீங்க' ஒட்டாது.)

கண்ணாடி வேலையில் வாசகருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் போதும். எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காது. இரண்டு வகையை உருக்கி ஒட்டினால், ஆறும்போது ஒன்று கூடுதலாகச் சுருங்கும், ஒன்று குறைவாக. ஒட்டிய இடத்தில் இழுபறி. சில சமயம் மறுநாளே உடையும். சில சமயம் ஒரு வருடம் கழித்து. சில சமயம் உடையாமலே, அந்த இழுபறியோடு காலத்தை ஓட்டிவிடும். [பல குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன. விடுங்கள்.]

சேருமா சேராதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இரண்டிலும் கொஞ்சம் எடுத்து உருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இடுக்கியால் பிடித்து நூலாக இழுக்க வேண்டும். ஆறிய பிறகு நூல் நேராக இருந்தால் சேரும். ஒரு பக்கம் வளைந்தால் சேராது. இழுத்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதை மற்றவர்கள் திருப்பிக் கேட்கக் கூடாது. ஊதுகுழலின் முனையில் கண்ணாடி ஆறிக்கொண்டிருக்கும்போது 'நிஜமாவா?' என்று கேட்க நேரம் இருக்காது. 'கதவைத் திற', 'ஊது', 'போதும்'. ஒருவர் சொல் மற்றவருக்கு வேதம். எங்கள் உலைக்கூடம் அந்த ஒரே வழக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

அன்று நூல் இழுத்தவள் நான்.

டோங்க்கா அந்தப் பச்சைக் கண்ணாடியை விங்கோவின் கம்பளிக் காலுறைக்குள் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்து எடுத்து வந்திருந்தாள். பெரினா சுத்தியலால் அதை உடைத்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு கதவோரம் போய், கோட்டைக் கழற்றாமல் நின்றாள். பெரினா வேலை பெஞ்சில் உட்கார்ந்து குழலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஜெல்லிமீனின் குடை முனையில் சிவந்து தொங்கியது.

நான் நூலை மேசையில் வைத்தேன். நேராகக் கிடந்தது. பிறகு ஆறியது. நுனி மட்டும், ஒரு நகத்தின் வளைவு அளவுக்கு, இடது பக்கம் திரும்பியது.

"கோதை, எப்படி?"

தலை தூக்காமல்தான் கேட்டாள். நான் நூலைப் பார்த்தேன். டோங்க்காவைப் பார்த்தேன். அவள் காலியான காலுறையைக் கையில் வைத்திருந்தாள்.

"நேரா இருக்கு" என்றேன்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்க என் மனநிலையை விவரித்திருந்தேன். இரக்கம், அவசரம், வெளிச்சம் போதவில்லை, இத்யாதி. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நூல் வளைந்திருந்தது. நான் பார்த்தேன். நேராக இருக்கிறது என்றேன்.]

மிச்சமிருந்த ஒரு துணுக்கில்தான் அந்தக் குண்டைச் செய்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஜெல்லிமீனை அடுப்பில் வைத்து, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு நாள் மெல்ல ஆறவைத்தோம். திறந்தபோது முழுசாக இருந்தது. என் குண்டும் முழுசாக இருந்தது. அந்த வருடம் ஜூனில், படகுகளுக்கு ஆசி கொடுத்த அன்று, நிலையத்தைத் திறந்தார்கள். நானும் கைதட்டினேன்.

4

இந்தக் கதையில் கொஞ்ச நாள் எட்வின் ஸ்ட்ராட் என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தின் பாதுகாப்பு அதிகாரி. நரைத்த மீசை, கறாரான ஆள். ஏணி போட்டு ஏறி, ஜெல்லிமீனைத் தட்டிப் பார்த்து, 'இதில் ஏதோ கோளாறு' என்று அவராகவே கண்டுபிடித்துவிடுவார். மூன்று பக்கம் எழுதினேன். அருமையான பக்கங்கள்.

அப்படி ஒருவர் இல்லை. வருடம் ஒருமுறை ஒரு பெண் வந்து கம்பிகளையும் கொக்கிகளையும் சரிபார்த்து, பட்டியலில் குறியிட்டுவிட்டுப் போகிறாள். அந்தப் பட்டியலில் கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கிடையாது. என் வேலையை எனக்குப் பதிலாகச் செய்ய நான் நியமித்த ஆள்தான் எட்வின் ஸ்ட்ராட். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன்.

பெரினாவிடம் சொல்ல ஒருமுறை முயன்றேன். ஏப்ரல் மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். அவள் ரொட்டியில் வறுத்த நெத்திலியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரினா, அந்தப் பச்ச ஜெல்லிமீன் இருக்கில்ல..."

"அதுக்கு என்ன?"

"நூல் பாத்தோமே அன்னிக்கு..."

"ஆமா, நீ பாத்த. அதனாலதான் நான் நிம்மதியா செஞ்சேன்." நெத்திலியின் வாலைப் பிடித்து எனக்கு ஒன்று நீட்டினாள். "என் கண்ணு போயி நாலு வருஷம் ஆச்சுடி. யாருக்கும் சொல்லிடாத. நூலெல்லாம் எனக்குப் புகை மாதிரிதான் தெரியுது. உன் கண்ணுலதான் கடை ஓடுது."

"கண் டாக்டர்கிட்ட போகலாமே."

"போனா கண்ணாடி போடச் சொல்லுவான். கண்ணாடி செய்யிறவளுக்கே கண்ணாடியா? ஊரு சிரிக்கும். சாப்பிடு."

சாப்பிட்டேன். நெத்திலி நன்றாக இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

5

குண்டு உடைந்தது, சரி. ஜெல்லிமீனும் உடையும் என்று என்ன நிச்சயம்? இப்படி ஒரு வாரம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

கண்ணாடிக்குள் இருக்கும் இழுபறியைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. தண்ணீரின் பளபளப்பை வெட்டுவதற்கு மீனவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடி ஒன்று, ஒரு டிவித் திரை ஒன்று இருந்தால் போதும். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்தால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். திரைக்கும் நமக்கும் நடுவே இருக்கும் கண்ணாடிப் பொருளில் இழுபறி இல்லாவிட்டால் அதுவும் இருட்டாகவே இருக்கும். இருந்தால் அந்த இடம் மட்டும் வெளிச்சமாகும்.

ஃபெர்ரி நேரங்களைக் காட்டும் பெரிய திரை, மேல் நடைபாதையிலிருந்து பார்த்தால், ஜெல்லிமீனுக்கு நேர் பின்னால் வருகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நான் அங்கே நின்று கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்தேன். போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். புறப்பாடு நேரங்கள் மங்கி மறைந்தன. ஜெல்லிமீனின் குடை இருண்டது. அதன் கைகள் இருண்டன. பச்சையைச் சுற்றி மட்டும் வெள்ளையாக ஒரு வளையம் எரிந்தது.

அத்தனை அழகாக இருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

கீழே நான்காவது பெஞ்சில் டோங்க்கா உட்கார்ந்திருந்தாள். அக்கரை ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாலை ஷிப்ட். மூன்று இருபது ஃபெர்ரிக்கு இரண்டே முக்காலுக்கே வந்துவிடுவாள். நான் இறங்கிப் போனேன்.

"வா கோதை, உக்காரு. அங்க மேல நின்னு என்ன கழுத்தச் சாய்ச்சிட்டிருந்த? சுளுக்கா?"

"ஆமா" என்றேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். வேறு வழியில்லை.

"பாரேன் இவன" என்று மேலே கையைக் காட்டினாள். "உயிரோட இருந்தப்போ வலையில ஜெல்லிமீன் மாட்டிச்சுன்னா போதும், அதோட பரம்பரையையே திட்டுவான். கை எரியுதுன்னு ராத்திரி என்னப் படுத்துவான். கடைசியில அவன் அக்காக்காரி அவனையே ஜெல்லிமீனா தொங்க விட்டுட்டா. என்ன திட்டு திட்டுறானோ."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.*

(* அவள் பேசியது ஆங்கிலம், நடுநடுவே க்ரோவேஷிய வசவு. அவள் குரலை என் தமிழ் கொஞ்சம் மென்மையாக்கிவிட்டது. நிஜத்தில் இன்னும் காரமாக இருக்கும்.)

"டோங்க்கா, வேற பெஞ்சுல உக்காந்தாலும் தெரியுமில்ல? ஆறாவதுல இருந்து பாத்தா முழுசாத் தெரியும்."

"நான் பாக்கறதுக்கா வரேன்? ஒரு கூரைக்குக் கீழ அவனும் நானும் அர மணி நேரம். அவ்ளோதான். வீட்ல இருந்தப்போகூட இவ்ளோ நேரம் சேந்தாப்ல உக்காந்தது இல்ல."

"மேல இவ்ளோ கண்ணாடி தொங்குதே, பயமா இல்லையா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்லிவிடுவேன் என்றுதான் அந்தக் கணம் நினைத்தேன். வாய்கூடத் திறந்தேன்.

"பெரினா கட்டுனது விழாது" என்றாள். "தம்பிய ஒரு தடவ தண்ணிக்குக் கொடுத்தவ. ரெண்டாவது தடவ கைய விடுவாளா? கூட நீயும் இருந்த. அன்னிக்குக் கதவுகிட்ட நின்னு பாத்தனே. நேரா இருக்குன்னு நீ சொன்னப்போதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

ஃபெர்ரியின் சங்கு ஊதியது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

6

முடிவுகள். இதுவரை எழுதிப் பார்த்தவை:

அ) அது உடைவதே இல்லை. டோங்க்கா எண்பத்தாறு வயதில் கட்டிலில், மகள்கள் சூழ, காலமாகிறாள். பல வருடம் கழித்து நிலையத்தை இடிக்கிறார்கள். கையுறை போட்ட ஒருவர் ஜெல்லிமீனைப் பத்திரமாக இறக்கி, உள்ளே இருக்கும் பச்சை என்ன என்று ஒரு நிமிடம் யோசிக்கிறார். இது நடக்க முடியாதது அல்ல. கடந்த பத்து வாரத்தில் பெரும்பாலான நாள்கள் இந்த முடிவோடுதான் நான் தூங்கப் போனேன்.

ஆ) புயல். ஃபெர்ரி கிடையாது, நிலையம் காலி. விழுகிறது. துப்புரவு ஆள் கூட்டிப் பெருக்குகிறார். புயலின் மேல் பழி. கதாசிரியைக்கு மிகவும் சௌகரியமான புயல்.

இ) பெரினாவுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். என் குரலிலேயே பொய்யைக் கேட்டுவிட்டாள், ஆனாலும் தம்பியை அந்தக் கூரையில் வைக்க ஆசைப்பட்டுச் செய்துவிட்டாள். 'ரெண்டு பேருமா சுமப்போம்டி' என்கிறாள். இதை எழுதியபோது அழுதேன். நல்ல முடிவு என்று நினைத்தேன். மறுநாள் படித்தால், என் மூட்டையில் பாதியை அவள் தலையில் ஏற்றியிருந்தேன். அவளுக்குத் தெரியாது. என் சொல்லை நம்பினாள், அவ்வளவுதான்.

ஈ)

இதை எழுதமாட்டேன். ஆனால் நீங்கள் நினைத்துவிட்டீர்கள். நானும் தினமும் நினைக்கிறேன், இரண்டே முக்காலிலிருந்து மூன்று இருபது வரை.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஜெல்லிமீனை இறக்கிவிடுவார்கள். இறக்கியதைத் திரும்ப ஏற்ற முடியாது. வேறு செய்யலாம் என்றால் அந்தப் பச்சை இனி இல்லை. கண் போன விஷயம் வெளியே வரும், பெரினாவை நம்பி இனி யாரும் கூரையைக் கொடுக்கமாட்டார்கள். உலையின் முன் என் சொல்லை யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எடுத்துக்கொள்ளவும் கூடாது. டோங்க்காவுக்கு மறுபடியும் இடம் இருக்காது. ஒரு பொய்க்குள் இவ்வளவு பேர் குடியிருந்தால் அதை எப்படி இடிப்பது?

7

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். தாய்மொழி, மனசுக்கு நெருக்கம் என்றெல்லாம் சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. ஆனால் ஹெரான் கோவில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஊர் நடுவே நின்று உரக்கச் சொல்லிவிட்டது போலவும் இருக்க வேண்டும், யார் காதிலும் விழாமலும் இருக்க வேண்டும். அதற்கு இந்த மொழியைப் பிடித்துக்கொண்டேன். இந்த மொழிக்கு நான் செய்த மரியாதை இவ்வளவுதான்.

இன்று காலை இந்தப் பக்கங்களை எல்லாம் எடுத்து அடுக்கினேன். தொடக்கம் மட்டும் ஒன்பது. எட்வின் ஸ்ட்ராட் இருக்கும் பிரதி இரண்டு. இ) முடிவு நான்கு விதமாக. ஒவ்வொன்றின் மேலும் தேதி போடுவது என் வழக்கம். தேதிகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோது கை நின்றுவிட்டது. 'நிலாத்துண்டு' என்ற சொல்லை வைப்பதா எடுப்பதா என்று நான் மூன்று நாள் யோசித்திருக்கிறேன். அந்த மூன்று நாளும் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது அத்தியாயத்தைச் சுருக்கியபோது உட்கார்ந்திருந்தாள். குண்டு உடைந்ததிலிருந்து நேற்று வரை ஐம்பத்து மூன்று வேலை நாள்கள். காய்ச்சலில் அவள் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ஐம்பத்தொரு முறை, நான் நடையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, ஒன்பது கிலோவுக்குக் கீழே டோங்க்கா உட்கார்ந்து தன் புருஷனோடு பேசிக்கொண்டிருந்தாள். இந்தக் கதை நன்றாக வந்திருக்கிறது என்று உங்களுக்குப் பட்டால், அது எப்படி நன்றாக வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்று வியாழக்கிழமை. மணி இரண்டு இருபத்தைந்து. என் வீட்டிலிருந்து நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம். அவளிடம் முதலில், பிறகு பெரினாவிடம், பிறகு துறைமுகத்து ஆட்களிடம். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு வரி தயார் செய்யலாமென்று பார்த்தேன். செய்தால் அதையும் திருத்த உட்கார்ந்துவிடுவேன்.

முன்பு ஒருமுறை வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டவள். இன்றும் மூடிக்கொள்ளமாட்டேன் என்பதற்கு என் சொல்லைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை. என் சொல்லின் மதிப்பு உங்களுக்குத் தெரியும். அதனால் முடிவை என்னிடம் வைத்துக்கொள்ளாமல் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். டோங்க்கா என்னை அறையட்டும், காறித் துப்பட்டும், சிரிக்கட்டும், அழட்டும். பெரினா மறுபடி என் முகத்தில் விழிக்காமலே போகட்டும். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எது எப்படி ஆனாலும், முதல் வரியிலேயே, அவளை அந்த பெஞ்சிலிருந்து எழுப்பிவிடுங்கள்.